வேறொருவனின் ஹெல்மெட்

இன்று காலை புரோசார்ட் கிளினிக்கில் என் முதல் நோயாளி வயதான ஒரு சீனர். முழங்கால் வலி. கால்சட்டையைச் சுருட்டிவிட்டு அவர் காலை நீட்டியதும் அந்த மணம் எழுந்தது. வீட்டில் யாரோ அவருக்கு வெள்ளைக் களிம்பைத் தாராளமாகப் பூசி அனுப்பியிருந்தார்கள். மூக்கைக் குத்தி, கண்ணைக் கரிக்க வைக்கும் அதே களிம்பு. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றேன். அழவில்லை. உமக்காக அழுவதை நிறுத்திக் கனகாலம். கோபம்தான் வந்தது, நேற்று நடந்தது போல.

உம்முடைய அணியின் உடைமாற்றும் அறை முழுக்க இந்த மணம்தான். ஈர மண், வியர்வை, டேப்பின் பசை எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் களிம்பு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து நான் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே மறிப்பா. "முதல்ல போய் முழுகிப்போட்டு வா, பேந்து சாப்பிடலாம்."

நீர் செத்துப் பதினெட்டு மாதம் ஆகிறது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இந்தப் பதினெட்டு மாதமும் உம்மைப் பற்றி நல்லது மட்டும்தான் கதைக்கிறார்கள். நல்லதும் இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மனம் வராது.

அந்தக் கல்லூரிக்கு நாங்கள் இருவரும் ஒரே வருடம்தான் போனோம். பல்கலைக்கழகத்துக்கு முன் இங்கே மொன்றியலில் எல்லோரும் படிக்கிற கல்லூரி. நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோவில் இருபது நிமிடம். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவை. ஒரே பங்கு, ஒரே மாதிரியான மூன்று மாடி வீடு. ஆனாலும் கல்லூரிக்கு வரும்வரை நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. கோயிலில் உம்முடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். பின்வரிசைக்காரருக்குப் பீடத்தை மறைக்கிற முதுகு.

கல்லூரி அணியின் பழைய பயிற்றுநரும் அந்த முதுகைத்தான் கண்டார். சனிக்கிழமைகளில் நீர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கிரேக்கருக்கு உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தீர். அவர் தக்காளி வாங்க வந்தவர். எங்கே படிக்கிறாய் என்று கேட்டார். நீர் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் திங்கட்கிழமை மைதானத்துக்கு வரச் சொன்னார். உதைபந்து என்று நினைத்துக்கொண்டு போனீர். போன இடத்தில் தோளுக்குக் கவசம், தலைக்கு ஹெல்மெட், முட்டை வடிவில் ஒரு பந்து. அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, நான்கு பேர் சேர்ந்து அவனை விழுத்துகிற ஆட்டம். உம்முடைய ஐயா ஒரேயொரு முறை பார்க்க வந்து பாதியில் எழும்பிப் போனார். "இது விளையாட்டோ? ஆமிக்காரன் சும்மா செய்யிறதை உவங்கள் சீருடை போட்டுச் செய்யிறாங்கள்" என்று என் அப்பாவிடம் வந்து சொன்னவர்.

நான் அணிக்குள் வந்தது வேறு வழியால். விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை செய்கிற படிப்பில் எனக்கு ஆசை. அணியின் தெரப்பிஸ்டுக்கு உதவியாக மாணவர்கள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் என் கையில் தந்த முதல் கால் உம்முடையது. கணுக்காலுக்கு டேப் சுற்றினேன். முழு ஆட்டமும் ஆடிவிட்டு நீர் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது விரல்கள் நீலமாக இருந்தன.

"ஏன் நீர் சொல்லேல்லை? இறுக்கம் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வடிவாச் சுத்தினீர். அவிட்டால் உமக்கு மனவருத்தம் எண்டு விட்டிட்டன்."

"விரல் போயிருக்கும் உமக்கு."

"பத்து இருக்குதே," என்றீர்.

எங்களுக்குள் காதல் இருந்ததா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள், உம்முடைய மனைவி உட்பட. இருக்கவில்லை. நான் உம்மை நம்பினேன், அவ்வளவுதான். காதலாக இருந்திருந்தால் ஒருவேளை சீக்கிரம் தெளிந்திருப்பேன்.

பத்து வருடம் போனது. நீர் பல்கலைக்கழக அணியில் ஆடி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தீர். அப்போதுதான் எங்கள் பழைய கல்லூரி உம்மைத் தலைமைப் பயிற்றுநராக அழைத்தது. உண்மையில் அந்த வேலையை வேறு யாரும் விரும்பவில்லை. முந்தைய பருவத்தில் அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அணியையே மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் எங்கள் சனத்துக்குத் தெரியாது. தமிழ்ப் பெடியன் ஒருவன், தான் படித்த கல்லூரிக்கே தலைமைப் பயிற்றுநர்! பங்கு மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். "உதைபந்தாட்டத்தில் எம்மினத்தின் பெயரை நிலைநாட்டிய" என்று ஒருவர் வாழ்த்துமடல் வாசித்தபோது நீர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர். உம்முடைய அம்மா முன்வரிசையில் இருந்து அழுதா.

அன்று மண்டபத்து வாசலில், கையில் றோல்ஸோடு என்னிடம் வந்தீர்.

"என்னோட வாரும். எனக்கொரு தெரப்பிஸ்ட் வேணும்."

"மொன்றியலில வேற ஆள் இல்லையே?"

"இருக்கினம். எல்லாரும் கோச் சொன்னால் தலையாட்டுற ஆக்கள். நான் பிழை விட்டால் முகத்துக்கு நேர பிழை எண்டு சொல்லுற ஆள் எனக்கு வேணும்."

வந்தேன். வாரத்தில் நான்கு பின்னேரம், பிறகு சனிக்கிழமை ஆட்டம். முதல் நாள் பெடியள் எல்லோரையும் புல்லில் இருத்திவிட்டு, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, பிரெஞ்சில் சொன்னீர்: "தலையில் அடி விழுந்தால் இவர் உங்கள் ஹெல்மெட்டை எடுத்து வைப்பார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் மைதானத்துக்குள் போக முடியாது. அது இவர் கையில் இருக்கும்வரை நான்கூடத் திருப்பிக் கேட்கமாட்டேன்." அந்த நாட்களில் மற்ற அணிகள் அப்படி இருக்கவில்லை. தலை குலுங்கிய பெடியனுக்கு எதையோ மணக்கக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டு, திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

நீர் வாய்ப்பேச்சோடு நிற்கவும் இல்லை. இரண்டாவது பருவத்தின் கடைசி ஆட்டத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனின் ஹெல்மெட்டை நான் எடுத்து வைத்தேன். ஆறு நிமிடம் மீதி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீர் என் முகத்தைப் பார்த்தீர், கையைப் பார்த்தீர், இரண்டாவது ஆளை இறக்கினீர். தோற்றோம். பேருந்தில் வந்து என் பக்கத்தில் இருந்தீர்.

"தோத்தால் தோத்ததுதான். நாளைக்கு அவன்ர தாய்க்கு நானெல்லோ முகம் குடுக்க வேணும்."

அந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன்!

பிறகு அணி வெல்லத் தொடங்கியது. வெற்றி உம்மைக் கெடுத்தது என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் ஒரே நாளில் கெட்டுப்போக நீர் பால் இல்லை. நான் கவனித்தது ஒரு சின்ன மாற்றம். முன்பெல்லாம் காயப்பட்டவனைப் பற்றி என்னிடம் "எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்பீர். நான்காவது பருவத்தில் "எப்ப திரும்ப வருவான்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தீர். விளையாட்டுப் பிரிவின் இயக்குநர் அடிக்கடி மைதானத்துக்கு வந்து உம்முடைய தோளில் கைபோட்டு நின்றார். அரையிறுதி வென்றால் புதிய மைதானம் வரும் என்று பேச்சிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லத்தான் என்னைக் கூட்டிவந்தீர். நான் அப்போதே என் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

அந்த அரையிறுதி, கார்த்திகை மாதத்துக் குளிர் மழையில். எங்கள் பக்கத்தில் பந்தோடு ஓடுகிறவன் ரிக்கார்டோ, இருபத்திரண்டாம் இலக்கம், பத்தொன்பது வயது. ஹெயிட்டியிலிருந்து வந்த குடும்பம், தகப்பன் இல்லை. தாய் கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மஞ்சள் மழைக்கோட்டோடு வந்து ஒரே இடத்தில் இருப்பா.

ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் அவனை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள். தானே எழும்பி வந்தான். வாங்குப் பலகையில் இருத்திக் கேள்வி கேட்டேன். ஸ்கோர் என்ன என்று அவன் என்னிடம் திருப்பிக் கேட்டான். சொன்னேன். அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்டான். பிறகு மறுபடி. எந்த அணியோடு ஆடுகிறோம் என்று கேட்டதற்குப் போன கிழமை ஆடிய அணியின் பெயரைச் சொன்னான். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிற்குக் கீழே வைத்து, என் கோட்டால் மூடினேன். உம்மைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். நீர் தலையசைத்தீர். அதை நான் கண்டேன். கண்டதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

பிறகு இன்னொருவனுக்குக் கைவிரல் விலகியது. அவனோடு குனிந்திருந்தபோது பார்வையாளர் பக்கம் பெரிய ஆரவாரம். நிமிர்ந்தேன். இருபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தான். முகத்தில் கம்பி அதிகமுள்ள ஹெல்மெட். முன்வரிசையில் முட்டி மோதுகிற தடித்த பெடியள் போடுவது. ஓடுகிறவன் அதைப் போடமாட்டான். நான் கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவனுடையது அங்கேயே இருந்தது.

மைதானத்தின் எல்லைக்கோட்டு ஓரமாக ஓடி வந்து உம்முடைய கையைப் பிடித்தேன்.

"ஆர் அவனை விட்டது? ஆற்ற ஹெல்மெட் அது?"

"அவன் நல்லாத்தான் இருக்கிறான்."

"இல்லை! கூப்பிடும் அவனை. இப்பவே கூப்பிடும்!"

"இன்னும் ரெண்டே ரெண்டு ஓட்டம். நீ போய் உன்ர வேலையைப் பார்."

பதினைந்து வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்றீர். ரிக்கார்டோவைத் திரும்பப் பார்த்தபோது அவன் கடைசிக் கோட்டைக் கடந்து விழுந்துகொண்டிருந்தான். புள்ளி கிடைத்தது, ஆட்டம் கைக்கு வந்தது, எல்லோரும் குதித்தார்கள். அவன் மட்டும் எழும்பவில்லை. பெடியள் கல்லூரிப் பாட்டைப் பாடத் தொடங்கி, இரண்டு வரியில் நிறுத்தினார்கள். மஞ்சள் மழைக்கோட்டு படிகளில் இறங்கி ஓடி வருவது தெரிந்தது.

மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. அன்றே அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேநீர்க் கடைக்கு என்னை வரச் சொன்னீர். தாடி மழிக்காத முகம். முதலில் நான்தான் கேட்டேன்.

"எப்பிடி இருக்கிறான்?"

"கண் முழிச்சிட்டான். தாயை அடையாளம் பிடிச்சிட்டானாம். கதைக்கத்தான் கஷ்டப்படுறான்." தேநீரைக் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தீர். "கல்லூரியில விசாரணை வைக்கப் போகினம். உம்மட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பினம். அவன் திரும்ப இறங்கலாம் எண்டு நீர் விட்டனீரோ எண்டு."

"நான் விடேல்லை."

"தெரியும்."

"நீர் வேற ஒருத்தன்ர தலையில இருந்து கழட்டிக் குடுத்தனீர்."

"தெரியும் எண்டு சொல்லுறனெல்லே!" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினீர். "கேளும். நான்தான் எண்டு தெரிஞ்சால் என்னை மட்டும் அனுப்பமாட்டினம். அணியையே மூடிப்போடுவினம். அறுபது பெடியள். அதில அரைவாசிப் பேர் பந்துக்காகத்தான் படிக்கவே வாறவங்கள். நீர் விட்டனீர் எண்டு சொன்னால் அது ஒரு தெரப்பிஸ்டின்ர கணிப்பு. கணிப்புப் பிழைக்கலாம். உமக்கு ஒண்டும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

மறுபடி என்னை நீர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டீர். அதைக் கவனித்தேன். கவனித்தும் எழும்பிப் போகவில்லை.

புதன்கிழமை உம்முடைய அம்மா தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, அவன் சாப்பிடுறானில்லை. கேட்டால் ஒண்டும் சொல்லுறானுமில்லை. பொன்னாடை போத்தின சனம் நாளைக்கு அவனைப் பாத்துச் சிரிச்சால் நான் எப்பிடிக் கோயிலுக்குப் போறது? நீ என்ன சொல்ல வேணும் எண்டு எனக்குத் தெரியாது மகள். உன்ர கையிலதான் இருக்கு எண்டு மட்டும் அவன் சொன்னவன்."

அம்மாவைக் கொண்டு கேட்க வைத்தீர். அது உம்முடைய யோசனையா, அவவுடைய யோசனையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூலையில் தொலைக்காட்சியும் இருந்தது. எங்கள் ஆட்டங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைப்பது வழக்கம். அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் இருபத்திரண்டின் முகத்தில் இருந்த கம்பிகளைக் குழந்தையும் எண்ணியிருக்கும். ஒருவரும் போடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஒரு நல்ல அணி வேண்டியிருந்தது. நீர் சொன்ன மாதிரியே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "உய்" என்றேன். ஆம் என்பதற்குப் பிரெஞ்சில் அவ்வளவு சின்னச் சொல்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அறுபது பெடியளுக்காக, உம்முடைய அம்மாவுக்காக, எங்கள் சனத்துக்காக என்றெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் உம்மைக் காப்பாற்றியவளாக இருக்க எனக்கு விருப்பமாகவும் இருந்தது. அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. அடுத்த பருவத்துக்கு என்னை அழைக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பத்திரிகைக்காரரிடம் நீர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் தெரப்பிஸ்ட் ஒரு முடிவெடுத்தார், அவரும் மனுசிதானே, அவரை யாரும் வெறுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தீர். எனக்காக மன்னிப்புக் கேட்டீர்! உம்முடைய குற்றத்தை என் தலையில் வைத்தது போதாமல், அதை நீர் பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டீர். அந்தப் பக்கத்தை என் அப்பா கோயிலுக்குப் போகும் வழியில், தெப்பனோர் கடையில் பால் வாங்கும்போது பார்த்தார். அதன் பிறகு என் வேலையைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்ததில்லை.

நான் புரோசார்டுக்கு மாறினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் என்னைத் தெரியாது. நீர் தொலைபேசி எடுப்பீர் என்று முதல் குளிர்காலம் முழுவதும் காத்திருந்தேன். எடுக்கவில்லை. புதிய மைதானம் வந்தது, உம்முடைய ஒப்பந்தம் நீண்டது என்று யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு உமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று வந்தது. நான்கு மாதம்தான் தந்தார்கள். கடைசி மாதத்தில் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர். வந்தேன். அந்த முதுகு ஒரு தலையணைக்குள் அடங்கிக் கிடந்தது. மனைவியை வெளியே போகச் சொன்னீர். இப்போது சொல்லப் போகிறீர் என்று நினைத்தேன். உம்முடைய வாயிலிருந்து ஒரேயொரு வசனம் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தேன்.

"அணி நிண்டுபிடிச்சிட்டுது, பாத்தீரே?" என்றீர். "போன வருசம் எத்தினை பெடியள் பல்கலைக்கழகத்துக்குப் போனவங்கள் தெரியுமே? மூடியிருந்தால் ஒருத்தனும் போயிருக்கமாட்டான்." மூச்சு வாங்கிக்கொண்டீர். "நாங்கள் செய்தது சரிதானே?"

நாங்கள் என்றீர்.

உம்முடைய கண்கள் மஞ்சளாக இருந்தன. சாகப்போகிற மனிதனிடம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "ஓம்" என்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டீர். நான் வெளியே வந்து, லிஃப்டில் நின்றபடி, என்னையே வெறுத்தேன்.

செத்தவீட்டுக்கும் வந்தேன். பழைய ஆட்டக்காரர்கள் அணிச் சட்டையோடு பெட்டியைத் தூக்கினார்கள். எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தியவர் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார். அது பொய் இல்லை. அதுதான் எனக்குக் கசப்பு. நீர் முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். மூன்று கிழமைக்கு முன் ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். சோளமும் சிவப்பு மிளகாயும் மலைமலையாகக் குவிந்திருக்கிற காலம். "மதாம்!" என்று யாரோ கூப்பிட்டார்கள். உயரமான ஒரு இளைஞன், வெயில் இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் அவன் தாய், கையில் ஒரு கட்டு லீக்ஸ்.

"என்னை நினைவிருக்கிறதா? இருபத்திரண்டு," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று, அடுத்ததைத் தேடி எடுத்தான்.

"ரிக்கார்டோ," என்றேன்.

"உங்களைக் கண்டால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்."

"எதற்கு?"

"நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் நல்லாயிருக்கிறேன் என்று நான் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் என்னை விட்டிருக்கமாட்டீர்கள். என்னால்தானே உங்களுக்கு வேலை போனது?"

நான் மிளகாய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் உனக்கு அப்படிச் சொன்னது?"

"கோச். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வருவார், எனக்கு வாசிக்கப் பழக்குவார். நான் அழும்போதெல்லாம் சொல்வார், ஆட்டக்காரர் எல்லோரும் திரும்ப இறங்குவதற்காகப் பொய் சொல்கிறவர்கள்தான், நான் ஆடிய காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று."

அவன் சொல்லாத பொய்க்கு நீர் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறீர். ஞாயிற்றுக்குஞாயிறு, பூசை முடிந்து போய், அவன் பக்கத்தில் இருந்து.

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மூன்று தரம் ஸ்கோர் கேட்டதை, ஹெல்மெட்டைக் கோட்டால் மூடியதை, வேறொருவனின் ஹெல்மெட்டோடு அவன் ஓடியதை, விசாரணையில் நான் சொன்ன ஒரு சொல்லை. சுற்றிவர ஆட்கள் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்தான் முதலில் பேசினா.

"நான்கு வருடம்," என்றா. "நான்கு வருடம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?"

லீக்ஸ் கட்டைத் தன் பைக்குள் திணித்தா.

"கல்லூரியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. கூட ஆடிய பிள்ளைகள் இரண்டு மாதம் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் மட்டும்தான் வந்தார். சாப்பாடு கொண்டு வந்தார். இவனைக் குளிக்க வார்த்தார். இப்போது அவரையும் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். இதைச் சொல்லி உங்களுக்குப் பாரம் குறைந்ததா, மதாம்?"

மகனின் கையைப் பிடித்து இழுத்தா. அவன் இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினான்.

"அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லையா?"

"இல்லை. நீ ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் சொன்னேன் பொய்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "சரி," என்றான். தாயிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து போனான்.

அந்தக் கிழமையே கல்லூரிக்கு எழுதினேன், நடந்தது நடந்தபடி, என் கையெழுத்தோடு. இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த விடயம் முன்பே முடிக்கப்பட்டுவிட்டது, என் அக்கறைக்கு நன்றி என்று. உம்முடைய அம்மாவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். கதவைப் பிடித்தபடியே கேட்டா. "செத்த பிள்ளையோட உனக்கென்ன கோவம்?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினா. போன ஞாயிறு கோயிலில் நான் இருந்த வரிசையில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை.

நாற்காலிக்காக நீர் செய்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பத்திரிகையில் சொன்னதையும் என்றாவது மறப்பேன். அந்த வீட்டில், அந்தப் பெடியன் தன்னையே குற்றவாளியாக நினைத்து அழ, ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்தீரே, அதை மன்னிக்க மாட்டேன். நான்தான் உன்னை இறக்கினேன் என்ற அந்த ஒரு வசனத்தைச் சொல்ல உமக்கு நூறு ஞாயிறுக்கு மேல் கிடைத்தது.

எனக்கும் கிடைத்தது. அவனுடைய வீடு என் பெற்றோரின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் சாப்பாட்டுக்காக நான் பாலம் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூட அந்தத் தெருவுக்குள் திரும்பவில்லை. நீர் பொய்யைக் கொண்டு என்றாலும் அவனிடம் போனீர். நான் உண்மையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.